மச்சாவதாரமா? கண்மாய் மீனா?

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டத்தைச் சேர்ந்த ஏழாயிரம்பண்ணையும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களும் கரிசல் பூமி என்பதும், வருஷத்துக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டிய மழைதான் அந்தப் பக்கம் பெய்கின்றது என்பதும், அதிலும் ஏறக்குறையப் பாதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்து விடுகின்றது என்பதும் அவ்வூரார் அறிந்த விஷயமேயாகும். சித்திரை வைகாசியில் கண்மாய் பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கும். ஆடு மாடுகள் அதன் நடுவே நடந்து போகும். ஐப்பசியில் நாலு மழை பெய்து வரத்துக்காலில் தண்ணீர் ஓடி வந்தவுடன், அதே கண்மாயில் மீன் துள்ளும், தவளை கத்தும். நேற்று வரையில் புழுதியாய்க் கிடந்த இடத்தில் இன்று மீன் எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விக்கு நம் மக்களிடம் தயாராக இரண்டு பதில்கள் இருக்கின்றன. ஒன்று, மீன் மழையோடு வானத்திலிருந்து விழுந்தது என்பது. மற்றொன்று, கல்லினுள் தேரைக்கும் படியளக்கும் ஆண்டவன் கண்மாய்க்கும் மீனைப் படைத்து விட்டான் என்பது. இரண்டு பதில்களிலும் உள்ள சௌகரியம் என்னவென்றால், குனிந்து சேற்றைத் தோண்டிப் பார்க்க வேண்டிய வேலை யாருக்கும் இல்லை என்பதுதான். தோண்டிப் பார்த்தவர்களோ வேறு சங்கதி சொல்லுகின்றார்கள். விரால் மீன் கண்மாய் வற்றும்போது ஈரச் சேற்றுக்குள் புகுந்து கொண்டு, அந்த ஈரம் இருக்கும் வரையில் உயிரோடு கிடக்கின்றது. வேறு சில மீன்கள் மேல் கண்மாய் நிரம்பிக் கலுங்கு பாயும்போது மறுகால் தண்ணீரோடு வந்து சேருகின்றன. சில சிற்றுயிர்களின் முட்டைகள் வெயிலில் காய்ந்த மண்ணோடு மண்ணாய் வருஷக்கணக்கில் கிடந்து, நனைந்தவுடன் பொரிக்கின்றன. வானத்துக்கும் இதற்கும் உள்ள சம்பந்தம் மழை ஒன்றேயாகும்.

விரால் எப்படிச் சேற்றுக்குள் மூச்சு விடுகின்றது என்று கேட்கலாம். அது செவுளால் மாத்திரம் மூச்சு விடும் மீனன்று. தலைக்குள் காற்றை வாங்கிக் கொள்ளும் அறை ஒன்று அதற்கு இருக்கின்றது. பனையேறிக் கெண்டையும் அப்படியே. தண்ணீரின் மேல் மட்டத்துக்கு வந்து காற்றைக் குடிக்க விடாமல் வலையைக் கட்டித் தடுத்தால், அந்த மீன் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துப் போகும். மீன் தண்ணீரில் மூழ்கிச் சாவது என்றால் நம் பெரியவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அது வாஸ்தவம்.

இந்தப் பனையேறியைப் பற்றி வெளிநாட்டாருக்கு நம் தமிழ்நாட்டிலிருந்தும் எழுதி அனுப்பியிருக்கின்றார்கள். டேனிஷ்காரர்கள் வசம் தரங்கம்பாடி இருந்த காலத்தில், டால்டார்ஃப் என்ற அவர்களுடைய உத்தியோகஸ்தர் ஒருவர், 1791-ம் வருஷத்தில் குளத்தங்கரைப் பனை மரத்தின் வெடிப்பில் இந்த மீனைப் பிடித்ததாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கத்தார் அதை 1797-ல் அச்சிட்டார்கள். மரம் ஏறிற்று என்பதைப் பிற்கால ஆராய்ச்சிக்காரர்கள் பலர் நம்பவில்லை. பறவை கவ்விக் கொண்டு போய்ப் போட்டிருக்கலாம் என்றார்கள். நாமும் அதைச் சாதிக்க வரவில்லை. ஆனால் ஈரத் தரையில் செவுள் மூடியின் முட்களை ஊன்றி ஊன்றி ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்கு அது நடந்து போகின்றது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எழுதியவர் வெள்ளைக்காரர் என்பதற்காகவோ, அச்சில் வந்தது என்பதற்காகவோ ஒப்புக் கொள்ளாமல், எது வரையில் ருசு இருக்கின்றதோ அது வரையில் ஒப்புக் கொள்ளுவதற்குத்தான் விஞ்ஞானம் என்று பெயர். புராணத்தைப் படிக்கும்போதும் இந்த வழக்கத்தைக் கைக்கொள்ளும்படி நம் பண்டிதர்களைக் கேட்டுக் கொள்ளுகின்றோம்.

நிற்க, இந்த மீன்களுக்கு இப்படிக் காற்று அறை வந்தது எதனால்? தேங்கிச் சூடேறின தண்ணீரில் பிராணவாயு குறைந்து போகும். வற்றுகின்ற கண்மாயில் ஆயிரம் குஞ்சுகள் இருந்தால், அவை ஆயிரமும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை என்று இருப்பதுபோல், மேல் மட்டத்துக் காற்றைச் சற்று வாங்கிக் கொள்ளக் கூடிய வாய்த் தோல் சில குஞ்சுகளுக்குக் கொஞ்சம் அதிகமாய் இருக்கும். வறட்சி வந்தால் மற்றவை செத்து நாறும், இவை மிஞ்சும். அடுத்த மழைக்கு முட்டையிடுவது மிஞ்சியவைதானே! அதன் குஞ்சுகளிலும் அதே ஏற்றத்தாழ்வு, திரும்பவும் வறட்சி, திரும்பவும் கழிவு. லக்ஷக்கணக்கான வருஷங்கள் இப்படி நடந்தால் தோல் மடிந்து அறையாகின்றது. மீன் தவம் செய்து வரம் வாங்கவில்லை. தண்ணீரும் தயவு பண்ணவில்லை. செத்தவற்றின் கணக்கையும் பிழைத்தவற்றின் கணக்கையும் பார்த்தால் போதும். இதைத்தான் 1859-ல் டார்வின் ஒரு பெரிய புத்தகமாக எழுதினார்.

இப்படி மூச்சுக்கு வழி தேடிய ஒரு வகைப் பழைய மீன்களிலிருந்துதான் கால் உள்ள பிராணிகள் எல்லாம் கிளைத்தன. இதற்கு என்ன ருசு என்றால் கேளுங்கள். சுமார் 38½ கோடி வருஷங்களுக்கு முந்தின கல்லில் மீன்தான் கிடைக்கின்றது. 36½ கோடி வருஷக் கல்லில் கால் உள்ள பிராணி கிடைக்கின்றது. ஆகவே இடைப்பட்ட காலத்துக் கல்லைத் தோண்டினால் இரண்டுக்கும் நடுத்தரமான பிராணி அகப்பட வேண்டும் என்று அமெரிக்க ஆராய்ச்சிக்காரர்கள் முதலில் கணக்குப் போட்டார்கள். பிறகு, கனடா தேசத்து வடகோடிப் பனித் தீவில் பல வருஷங்கள் தேடி, 2004-ல் அதை எடுத்தே விட்டார்கள். செதிலும் துடுப்பும் உண்டு. ஆனால் துடுப்புக்குள் தோள், முழங்கை, மணிக்கட்டு எலும்புகள்! தலையைத் திருப்பக் கழுத்தும் உண்டு. அதற்கு டிக்டாலிக் என்று பெயரிட்டு 2006-ல் பிரசுரித்தார்கள். எங்கே இருக்கும், எப்படி இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லிப் போய் எடுத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கரையேறிய பின்பும் தண்ணீரை விட்டுப் பிரிவது லேசான காரியமாய் இருக்கவில்லை. தவளையின் முட்டைக்கு ஓடு கிடையாது. வெயில் பட்டால் காய்ந்து போகும். ஆதலால் தவளை எவ்வளவு தூரம் குதித்தாலும் முட்டைக்கு ஈரத்தைத் தேடியே தீர வேண்டியிருக்கின்றது. ஓணானுக்கும் பாம்புக்கும் கோழிக்கும் அந்தத் தொல்லை இல்லை. ஏன்? கோழி முட்டையை உடைத்துப் பாருங்கள். உள்ளே இருப்பது ஒரு சின்னக் கண்மாய். குளத்தைத் தேடி முட்டை போகாமல், குளத்தை உள்ளே வைத்துக் கரை கட்டியது போல ஓடு வந்துவிட்டது.

அந்த ஓட்டுக்குள் இன்னொரு சங்கடம். குஞ்சின் உடலில் சேரும் கழிவு எங்கே போகும்? மீனுக்கும் தலைப்பிரட்டைக்கும் சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் விஷமான அம்மோனியாவை அப்படியே வெளியே விட்டு விடுகின்றன. தலைப்பிரட்டை தவளையானவுடன், விஷம் குறைந்த யூரியாவாக மாற்றி விடுகின்றது. ஒரே பிராணியின் ஒரே ஆயுளுக்குள் இந்த மாறுதல் நடக்கின்றது! ஓட்டுக்குள் வளரும் பல்லியும் பறவையுமோ தண்ணீரே வேண்டாத வெள்ளைக் குழம்பாக்கி ஒதுக்கி விடுகின்றன. பல்லியின் எச்சத்தில் ஒரு நுனி வெள்ளையாய் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் பல்லியின் மூத்திரம். பல்லி எந்தத் திசையில் சொன்னால் என்ன பலன், யார் தலையில் விழுந்தால் யாருக்குச் சாவு என்று பஞ்சாங்கத்தில் பக்கம் பக்கமாய் எழுதி வைத்தவர்கள், சுவரில் இருந்த அந்த வெள்ளைப் புள்ளியை ஒரு தரம் யோசித்திருந்தால், ஒரு துளித் தண்ணீரை மிச்சம் பிடிக்க உயிர்கள் என்ன பாடுபட்டிருக்கின்றன என்பதையாவது நாட்டுக்குச் சொல்லியிருக்கலாம். பல்லி உண்மையில் சொன்னது அது ஒன்றுதான். அதை மாத்திரம் யாரும் கேட்கவில்லை.

நம் உடம்பும் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை. அதில் நூற்றுக்கு அறுபது பங்கு தண்ணீர். சிறுநீரகங்கள் இரண்டும் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டரை வடித்து, அதில் ஒன்று, ஒன்றரை லிட்டரைத் தவிர மிச்சம் முழுவதையும் திரும்ப இரத்தத்துக்கே அனுப்புகின்றன. நாம் கரையேறினோமே தவிர உப்புத் தண்ணீரை விட்டு வரவில்லை. தோலுக்குள் கட்டி எடுத்துக் கொண்டே வந்திருக்கின்றோம். மருந்து நமுத்துப் போகாத வறண்ட காற்று என்பதால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் சிவகாசி, சாத்தூர், ஏழாயிரம்பண்ணைப் பக்கங்களில் வேரூன்றின. அந்த அறைகளில் உட்கார்ந்து மருந்து செலுத்துகின்ற தாய்மார்களின் உடம்பைக் குளிர வைப்பது, இருபது முப்பது லக்ஷம் வேர்வைச் சுரப்பிகளில் ஊறிக் காய்கின்ற தண்ணீர்தான். மற்ற மிருகங்களில் பெரும்பாலானவற்றுக்கு இவ்வளவு வேர்க்காது. நாய் நாக்கைத் தொங்கப் போட்டு இளைக்கின்றது. மனிதனுக்குக் கிடைத்த இந்த வசதிக்கு விலை, போன தண்ணீரைத் திரும்பக் குடித்தாக வேண்டும் என்பது. ஆகையால் வேலைக்காரிக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் வைப்பது முதலாளியின் தர்மம் அல்ல. அவர் கொடுக்க வேண்டிய பாக்கி.

இனி, இதே விருதுநகர் மாவட்டத்திலேயே நடந்த ஒரு பெரிய சாட்சியத்துக்கு வருவோம். மேற்கே தெரிகின்ற மலை தென்மேற்குப் பருவத்து மேகத்தை மறித்து அந்தப் பக்கமே பெய்ய வைத்து விடுகின்றது. கேரளத்துக்கு வைகாசி ஆனியில் மழை. நமக்கோ ஐப்பசி கார்த்திகையில். இந்த மலையில் பன்றி போன்ற மூக்கும் ஊதா நிறமும் கொண்ட ஒரு தவளை மண்ணுக்குள் கறையானைத் தின்று கொண்டு வருஷம் முழுவதும் கிடக்கின்றது. முட்டையிட மாத்திரம் மழைக்காலத்தில் சில நாள் வெளியே வரும். அதன் தலைப்பிரட்டை காட்டாற்று வெள்ளம் அடித்துக் கொண்டு போகாதபடி வாயால் பாறையைக் கவ்விக் கொண்டு வளரும். 2003-ல்தான் கேரளப் பக்கத்தில் விஞ்ஞானிகள் இதற்குப் பெயர் வைத்தார்கள். இதற்கு நெருங்கிய உறவுத் தவளைகள் இருப்பது இந்து மகா சமுத்திரத்துக்கு நடுவேயுள்ள சேஷெல்ஸ் தீவுகளில்! அந்தத் தீவும் இந்த நாடும் ஒட்டிக் கிடந்து பிரிந்த கதைக்கு இதைவிடப் பெரிய பத்திரம் வேண்டுமா?

பிறகு, மலையின் கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் கிடைத்த தவளையைச் சோதித்ததில், பார்வைக்கு அண்ணன் தம்பி போல் இருந்தாலும் அது வேறு இனம் என்று கண்டு, 2017-ல் தனிப் பெயர் வைத்தார்கள். கோவை சாலிம் அலி மையத்தில் ஊர்வன ஆராய்ச்சி செய்து 2014-ல் காலமான டாக்டர் பூபதியின் பெயர் அதற்கு. மேற்குத் தவளை தென்மேற்கு மழையில் ஜோடி சேருகின்றது. கிழக்குத் தவளை வடகிழக்கு மழையில் ஜோடி சேருகின்றது. ஒன்று மாப்பிள்ளைக் கோலத்தில் வெளியே வரும்போது மற்றொன்று பூமிக்குள் தூங்குகின்றது. கலப்பே இல்லாமற் போனால் இரண்டும் இரண்டு வழியாய் மாறுவதற்கு எவ்வளவு காலம் வேண்டும்? ஒரே மலை, ஒரே குலம், மழை மாத்திரம் இரண்டு. அதனால் இனம் இரண்டாயிற்று. சிருஷ்டிகர்த்தா வடகலை தென்கலை போலத் தவளைக்கும் இரண்டு கலை வைத்தார் என்று யாராவது சொன்னால் நாம் தடுக்கவில்லை.

மழைக்காகத் தவளையின் உடம்பும் பழக்கமும் மாறியிருக்க, நம்மவர்களோ தவளைக்குக் கல்யாணம் பண்ணி வைத்து மழையை வரவழைக்கப் பார்க்கின்றார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாவது பரவாயில்லை. அதில் காக்கை முதலில் உட்கார்ந்தது. இங்கே மழையின் ஈரம் தெரிந்துதான் தவளையே கத்துகின்றது! பாமர மக்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. 2019-ல் மழை பொய்த்து, சென்னைக்குக் குடிநீர் கொடுக்கும் ஏரிகள் வறண்டு போனபோது, கோயில்களில் வருண ஜெபமும் யாகமும் நடத்தும்படி அறநிலையத்துறையே சுற்றறிக்கை விட்டது. வரத்துக்காலைத் தூர்வாருவதற்குப் புரோகிதர் வேண்டியதில்லையல்லவா? அதனால்தான் அது நடப்பதில்லை போலும்!

இதையெல்லாம் சொன்னால் புராணப் பிரசங்கிகள் கோபித்துக் கொள்வதை இப்போது விட்டுவிட்டார்கள். அதைவிடச் சாமர்த்தியமான வழி ஒன்று கண்டு பிடித்திருக்கின்றார்கள். “மச்சம், கூர்மம், வராகம் என்று எங்கள் முன்னோர் சொன்னதைத்தானே உங்கள் டார்வின் சொன்னார்? முதலில் நீரில் மீன், பிறகு நீரும் நிலமுமான ஆமை, பிறகு நிலத்துப் பன்றி” என்கின்றார்கள். இது இன்று நேற்றுப் பேச்சல்ல. பிரம்மஞான சங்கத்து பிளாவட்ஸ்கி அம்மையார் 1877-லேயே இப்படி எழுதினார். 2019 ஜனவரியில் ஜலந்தரில் கூடிய இந்திய விஞ்ஞான காங்கிரசிலேயே, ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்தவர் தசாவதாரம் டார்வின் கொள்கையை விட மேலானது என்று பேசினார். விஞ்ஞான மகாநாட்டில் பேச வேண்டிய பேச்சுத்தான்!

நாம் கேட்பது இதுதான். 1859-க்கு முன் எழுதப்பட்ட எந்த வியாக்கியானத்தில், மீனின் சந்ததி மாறி மாறி மனிதனாயிற்று என்று இருக்கின்றது? காட்டட்டும். பாகவதத்தின் முதல் ஸ்கந்தம் மூன்றாவது அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். அங்கே அவதாரம் பத்தல்ல, இருபத்திரண்டு. பன்றி இரண்டாவது, நாரதர் மூன்றாவது, மீனோ பத்தாவது! பன்றியிலிருந்து நாரதர் வழியாக மீன் பிறந்தது என்று எந்தக் கல்லைத் தோண்டி எடுத்தார்கள்? அதுதான் போகட்டும். ஆமை மீனுக்கும் மிருகத்துக்கும் நடுத்தரமா? கடலாமை நம் சோழமண்டலக் கரையில் முட்டையிட மணலுக்கு ஏறி வருவதைச் செம்படவர்களைக் கேளுங்கள். கடலிலேயே ஆயுளைக் கழிக்கும் பிராணி முட்டைக்காக ஏன் கரைக்கு வருகின்றது? அதன் முன்னோர் தரையில் இருந்தவை. பிற்பாடுதான் கடலுக்குப் போனவை. முட்டை அந்தப் பழைய ஊரை இன்னும் மறக்கவில்லை. திமிங்கிலமும் அவ்விதமே கால் நடையாய்க் கடலுக்குள் போன குடும்பம். அதன் பழைய உறவான மான் போன்ற ஒரு சிறு பிராணியின் எலும்பு காஷ்மீரத்துக் கல்லில் கிடைத்து, 2007-ல் விவரம் வெளியாயிற்று. அவதாரப் பட்டியலில் இந்தத் திரும்பும் பயணத்துக்கு இடமுண்டா? அன்றியும் அவதாரம் என்பது ஒரே கடவுள் வேஷம் மாற்றி இறங்கி வருவது. பரிணாமம் என்பது யாரும் இறங்கி வராமலே நடப்பது. இரண்டையும் ஒன்று என்பவர்கள் இரண்டையும் படிக்கவில்லை.

விளையாட்டுக்குச் சொல்லுகின்றார்கள் என்று விட்டு விடலாமென்றால், அது பள்ளிக்கூடத்துக்குள் வந்து விட்டது. 2018 ஜனவரியில் மத்திய மனிதவளத்துறை இணை மந்திரியாயிருந்த சத்யபால் சிங், குரங்கு மனிதனானதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை, ஆகையால் டார்வின் சொன்னது தப்பு, பாடத்திலிருந்து மாற்ற வேண்டும் என்றார். 2023-ல் மத்திய பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதி நீங்கியே போயிற்று. விஞ்ஞானிகளும் ஆசிரியர்களுமாய் 1800 பேருக்கு மேல் கையெழுத்திட்டுக் கண்டித்தார்கள். பத்தாவதுக்கு மேல் விஞ்ஞானம் எடுக்காத பிள்ளைக்கு, தன் உடம்பு எப்படி வந்தது என்று அறிய வேறு வகுப்பு ஏது? பட்டாசு அறைக்குப் போகின்ற பிள்ளை அதற்கு மேல் படிக்கப் போவது எங்கே? தமிழ்நாட்டுப் பாடப் புத்தகத்தில் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ என்று ஒரு பாடம் இருக்கின்றது. தோழர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையின் புத்தகத்தை வாங்கி அதை ஒரு முறை படிக்கச் சொல்லிக் கேட்பார்களாக. நாமும் காலேஜில் படித்தவர்களல்ல; இப்படிக் கேட்டும் புரட்டியும் கற்றதுதான்.

ஏனெனில் அந்தப் பாடம் போய்விட்டால் அந்த இடத்தில் வந்து உட்காரக் காத்திருப்பது, முகத்தில் பிறந்தவன், தோளில் பிறந்தவன், தொடையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்கின்ற பாடம். எல்லோரும் பத்து மாதம் ஒரே மாதிரிப் பனிக்குடத்து நீரில் மிதந்து, அதற்குள் கழுத்தோரம் மீனின் செவுள் வளைவு போன்ற மடிப்புகளோடு கொஞ்ச நாள் இருந்து, பிறகுதான் மனித முகம் பெற்று வெளியே வந்தோம் என்பதை அறிந்தவன், ஊருணியில் இவன் இறங்கலாம், அவன் இறங்கக் கூடாது என்றால் ஒப்புவானா? 1927 மார்ச் 20-ந் தேதி மகாத் நகரத்துச் சவுதார் குளத்தில் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு இறங்கித் தண்ணீர் குடித்தார். பிறகு வைதீகர்கள் 108 குடம் தண்ணீரை இறைத்துக் கொட்டி, சாணியும் கோமூத்திரமும் தயிரும் கலந்து ஊற்றிக் குளத்தைச் ‘சுத்தம்’ செய்தார்கள். குடிக்கிற தண்ணீரில் சாணியைக் கரைப்பது சுத்தம், மனிதன் கை படுவது அசுத்தம்! தண்ணீருக்கு ஜாதி ஏது? ஒருவன் உடம்பிலிருந்து வேர்வையாயும் மூச்சாயும் போன தண்ணீர் மேகமாகி, மழையாகி, யார் கிணற்றில் விழுகின்றது என்று எந்த சாஸ்திரி தடுத்து நிறுத்தினார்?

கடைசியாக, எந்தக் கூட்டத்திலும் எழுந்து கேட்கப்படும் கேள்வி ஒன்று இருக்கின்றது. “அன்று மீன் கரையேறியது வாஸ்தவமானால், இன்று ஏன் ஏறவில்லை?” என்பார்கள். ஏறவில்லை என்று யார் சொன்னது? பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுக்குத் தண்ணீர் வடிந்த நேரமாய்ப் போய்ப் பாருங்கள். சேற்று மீன்கள் துடுப்பைக் கையாக ஊன்றி வெளியே நடந்து திரிகின்றன. தோல் வழியாகவும் மூச்சு விடுவதால், அது காயாதிருக்க அடிக்கடி புரண்டு ஈரம் பண்ணிக் கொள்ளுகின்றன. மனிதர் நடக்கும் சத்தம் கேட்டால் வளைக்குள் போய்விடும். ஆகையால் கொஞ்ச நேரம் அசையாமல் நின்று பார்க்க வேண்டும்.